உடைந்த டியூப்லைட்டும் இன்சுலின் ஊசியும் எங்கே போகின்றன?

"மாடிப்படிக்கு அடியில் உடைந்த டியூப்லைட் இரண்டு, பழைய இன்வெர்ட்டர் பேட்டரி, பாதி பெயிண்ட் டப்பா, அம்மாவின் இன்சுலின் ஊசிகள் ஒரு பை. குப்பை வண்டியில் போட்டால் இவை எங்கே போகும்? சென்னை மாதிரி ஒரு ஊர் இதையெல்லாம் எப்படிச் சமாளிக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கே போகும் என்பதைவிட, உங்கள் கையைவிட்டுப் போனபின் யாராவது இவற்றுக்குப் பொறுப்பேற்கிறார்களா என்பதே உங்கள் கவலை என்று எனக்குத் தோன்றுகிறது. பையைத் தூக்கிப் போட மனம் வராமல் படிக்கட்டுக்கு அடியிலேயே வைத்திருக்கிறீர்களே, அதிலிருந்தே தெரிகிறது. அந்தத் தயக்கத்தை மதித்து, கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

நான் வேதிப் பொறியாளர். தொழிற்சாலைக் கழிவுகளைப் பெற்றுச் சோதித்துப் பக்குவப்படுத்தும் நிலையத்தின் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். கழிவுக்குள் என்ன இருக்கிறது, அதை எப்படி அடக்குவது என்பது என் தொழில். அது ஒரு மனிதரின் உடலில் புகுந்தபின் என்ன ஆகும் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அந்த எல்லையை நான் தாண்டப்போவதில்லை.

இந்த ஊரில் அபாயகரமான கழிவுக்கு இரண்டு பாதைகள் இருக்கின்றன. தொழிற்சாலையிலிருந்து புறப்படும் கழிவுக்குச் சட்டம், படிவம், வண்டி, போய்ச் சேரும் முகவரி எல்லாம் உண்டு. வீட்டிலிருந்தும் சிறிய பட்டறையிலிருந்தும் புறப்படும் கழிவுக்குச் சட்டம் மட்டும் உண்டு. முகவரி பெரும்பாலும் இல்லை. பேரலில் அடைத்து, சீட்டு ஒட்டி, லாரியில் ஏற்றி வரும் நச்சைக் கையாள நமக்குத் தெரியும். சிறுகச் சிறுக மற்றக் குப்பையோடு கலந்துவிட்ட நச்சைப் பிரித்தெடுக்க, எனக்குத் தெரிந்து எந்த ஊரிலும் கட்டுப்படியாகிற வழி இல்லை. அதனால் இந்தத் துறையில் முதல் வேலை, கலக்கவிடாமல் தடுப்பது. மீதி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில் தொழிற்சாலைப் பாதை. மணலி, அம்பத்தூர், கும்மிடிப்பூண்டி போன்ற இடங்களில் இயங்கும் ஆலைகளில் வண்ணக் கசடு, முலாம் பூசும் தொட்டியின் அடிவண்டல், கரைப்பான் கழிவு, தீர்ந்த அமிலம், எண்ணெய்க் கசடு என்று பலவகை சேரும். 2016-ஆம் ஆண்டு மத்திய அரசின் விதிகளின்படி, இவற்றை உண்டாக்கும் ஆலை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். கழிவைத் தன் வளாகத்தில் 90 நாட்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. வெளியே அனுப்பும்போது ஏழு நிறத்தில் ஏழு பிரதிகள் கொண்ட படிவம் ஒன்று கூடவே போகும். வெள்ளைப் பிரதி வாரியத்துக்கு, மஞ்சள் அனுப்பியவரிடம், இளஞ்சிவப்பு பெற்றுக்கொண்டவரிடம், ஆரஞ்சு லாரிக்காரரிடம், பச்சை பெற்றவர் வழியாக மீண்டும் வாரியத்துக்கு. நீலப் பிரதி, கழிவு போய்ச் சேர்ந்தது என்ற சாட்சியாக அனுப்பியவருக்கே திரும்பி வரும். சாம்பல் நிறப் பிரதி வெளிமாநிலக் கழிவுக்கு மட்டும். படிக்கும்போது அலுவலகச் சடங்குபோலத் தோன்றும். ஆனால் அந்த நீலத்தாள் திரும்பி வராவிட்டால், நடுவழியில் ஏதோ ஓர் ஏரிக்கரையில் லாரி நின்றிருக்கிறது என்று அர்த்தம். 2024 டிசம்பரில் கேரளத்திலிருந்து வந்த மருத்துவக் கழிவு திருநெல்வேலி மாவட்டக் கிராமங்களில் கொட்டிக் கிடந்ததும், பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு லாரிகளில் திருப்பி எடுக்க வைத்ததும் நினைவிருக்கும். தாள் இல்லாத லாரியின் கதை அது.

சென்னைப் பக்கத்து ஆலைக் கழிவுகளுக்கான பொது நிலையம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கிறது. தெற்கே விருதுநகர் மாவட்டத்தில் இன்னொன்று. இத்தகைய நிலையத்துக்குள் லாரி நுழைந்ததும் முதலில் எடை மேடை; அடுத்தது ஆய்வகம். மாதிரி எடுத்து, சீட்டில் எழுதியிருப்பதும் பேரலுக்குள் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்ப்போம். நிறம், அமிலமா காரமா, தண்ணீர் பட்டால் சூடேறுகிறதா, எளிதில் தீப்பற்றுமா, சயனைடும் சல்ஃபைடும் உண்டா என்று சில விரைவுச் சோதனைகள். ஒரு மணி நேர வேலைதான். ஆனால் முழு நிலையமும் அந்த ஒரு மணி நேரத்தின் மேல்தான் நிற்கிறது.

ஒருநாள் வந்த பேரலை இன்னும் மறக்க முடியவில்லை. முலாம் பூசும் பட்டறை ஒன்றிலிருந்து வந்தது. 'சுத்திகரிப்புக் கசடு' என்று சீட்டு. சாம்பல் நிறச் சேறு, பார்த்தால் சாதாரணம். கார அமிலத் தாளை நனைத்தால் கருநீலத்துக்கு ஓடியது. அது மட்டும் இருந்தால் சுண்ணாம்பு என்று விட்டிருப்போம். வழக்கப்படி புகைக்கூண்டுக்குள் வைத்து, வடிநீரில் இரும்பு சல்ஃபேட்டைச் சேர்த்துச் சூடாக்கி, பிறகு சொட்டுச் சொட்டாக அமிலம் விட்டேன். சோதனைக் குழாய்க்குள் பேனா மைபோல அடர் நீலம் எழுந்தது. சயனைடு. அதே லாரியில், இரண்டு பேரல் தள்ளி, இரும்புத் தகடு கழுவிய அமிலக் கசடு இருந்தது. இரண்டையும் ஒரே குழியில் கொட்டியிருந்தால் ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பியிருக்கும். குழி ஓரத்தில் நின்றவர்கள் என்ன நடந்தது என்று தெரிவதற்குள் விழுந்திருப்பார்கள். பட்டறை உரிமையாளரைத் தொலைபேசியில் அழைத்தபோது, "பழைய தொட்டியைக் கழுவிய தண்ணியைப் பையன் அதுலயே ஊத்திட்டான் போல, சார்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்றே இன்றும் நம்புகிறேன். தம் பட்டறையில் எது எதோடு சேரக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

பக்குவப்படுத்தும் வேதியியல் பல பத்தாண்டுகளாக நன்கு தெரிந்தது. அதில் மர்மம் ஒன்றும் இல்லை. சயனைடைக் கடும் காரநிலையில் வைத்துக் குளோரினால் சிதைக்கலாம். குரோமியத்தின் நச்சு வடிவமான ஆறிணைய குரோமியம் தண்ணீரில் கரைந்து ஓடும்; அதற்கு இரும்பு சல்ஃபேட்டைக் கொடுத்தால் மூவிணைய குரோமியமாகும், பிறகு சுண்ணாம்பு சேர்த்தால் கரையாத வண்டலாகப் படியும். காரீயம், நிக்கல், காட்மியம் போன்ற உலோகங்களை அழிக்கவே முடியாது, தனிமத்தை எந்தத் தீயும் எரிக்காது. சிமென்டும் சுண்ணாம்பும் சாம்பலும் கலந்து கெட்டிப்படுத்தி, தண்ணீரில் கரைந்து வெளியேறாத அளவுக்குக் கட்டிப்போடலாம். அவ்வளவுதான் முடியும். கரைப்பான், பெயிண்ட் கசடு, காலாவதியான மருந்து மாதிரியான கரிமப் பொருட்களை மட்டுமே எரிக்கலாம். எரியுலையின் இரண்டாம் அறையில் 1,100 டிகிரிக்கு மேல் வெப்பம், அங்கே வாயு குறைந்தது 2 வினாடி நிற்க வேண்டும். பிறகு அந்த வாயுவைச் சட்டென்று குளிரவைக்க வேண்டும். 450 டிகிரியிலிருந்து 200 வரை நிதானமாக இறங்கினால் உடைந்த மூலக்கூறுத் துண்டுகள் மறுபடி ஒட்டி, டையாக்சின் என்னும் கொடிய நச்சாக உருவாகும். அதிக எரிதிறன் உள்ள கழிவைச் சிமென்ட் சூளைக்கு அனுப்புவது இப்போது பெருகியிருக்கிறது. உள்ளே பொருள் 1,450 டிகிரிக்குச் சூடேறுகிறது, மிஞ்சும் சாம்பலும் கிளிங்கரிலேயே, அதாவது அரைத்தால் சிமென்டாகும் கட்டியிலேயே, சேர்ந்துவிடுகிறது. அரியலூர்ப் பக்கத்து ஆலைகள் இதைச் செய்கின்றன. நல்ல வழிதான் என்பது என் கருத்து; பாதரசம் கலந்த கழிவுக்கு மட்டும் கூடாது, அது ஆவியாகிப் புகைபோக்கி வழியே ஊருக்குத்தான் வரும்.

எரித்தால் தீர்ந்தது என்ற எண்ணம் பலருக்கு உண்டு. விஷவாயு கசிந்த போபால் ஆலையில் நாற்பது ஆண்டுகளாகக் கிடந்த 337 டன் கழிவை 2025 ஜனவரியில் 12 கன்டெய்னர்களில் ஏற்றி, அதே மாநிலத்தின் பீதம்பூரில் உள்ள எரியுலைக்குக் கொண்டுபோய், ஜூன் இறுதிக்குள் எரித்து முடித்தார்கள். எரித்த பிறகு சேர்ந்த சாம்பலும் எச்சமும் 800 டன்னுக்கு மேல். புகையைக் கழுவச் சேர்க்கும் சுண்ணாம்பும் மற்றப் பொருட்களும் கணக்கில் வந்துவிடுகின்றன, அதனால்தான் இந்தப் பெருக்கம். கொடிய கரிமச் சேர்மங்கள் ஒழிந்தன என்பது ஆதாயம், சந்தேகமில்லை. ஆனால் அந்த எச்சத்தையும் ஓரிடத்தில் புதைத்துத்தான் ஆக வேண்டும். எங்கே புதைப்பது என்பதிலும் அங்கே சண்டை மூண்டது.

இத்தகைய புதைகுழியைப் பற்றிச் சொல்லும்போது, உறுதியானதையும் உறுதியற்றதையும் பிரித்துச் சொல்வது என் கடமை. அடியில் இறுக்கிய களிமண், அதன்மேல் கனமான பிளாஸ்டிக் விரிப்பு, மேலே வடிகால், மறுபடி களிமண்ணும் விரிப்பும், அதற்கும் மேல் இன்னொரு வடிகால் என்று இரட்டை அரண். விரிப்பின் தையல் ஒவ்வொன்றையும் காற்றழுத்தம் கொடுத்துச் சோதிப்பார்கள். மழைநீர் கழிவில் இறங்கிக் கறுத்து வடியும் சாற்றைக் குழாயில் எடுத்துச் சுத்திகரிப்பார்கள். முறையாகக் கட்டிய குழி இன்று நிலத்தடி நீரைக் காக்கிறது என்பதைச் சுற்றியுள்ள கண்காணிப்புக் கிணற்று மாதிரிகளைக் கொண்டு நம்பிக்கையோடு சொல்ல முடியும். ஆனால் உள்ளே இருக்கும் காட்மியத்துக்கு ஆயுள் முடிவதே இல்லை, விரிப்புக்கு உண்டு. நூறு ஆண்டுகளுக்குப் பின் அந்த விரிப்பு எப்படி இருக்கும் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். அத்தனை வயதான விரிப்பு உலகில் எங்கும் இல்லை. எரியுலையிலும் இதே நிலைதான். வெப்பம், கார்பன் மோனாக்சைடு, தூசி எல்லாம் நொடிக்கு நொடி பதிவாகின்றன. டையாக்சின் அப்படியல்ல, எப்போதாவது ஒருமுறை மாதிரி எடுத்து அளப்பது. அளந்த நாளில் அளவு சரியாக இருந்தது என்று சொல்லலாம். அளக்காத நாட்களை வெப்பப் பதிவை வைத்து ஊகிக்கத்தான் முடியும்.

குழியே இல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். ராணிப்பேட்டையில் தோல் பதனிட உதவும் குரோமிய உப்பைத் தயாரித்த ஆலை 1990-களில் மூடப்பட்டது. லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவைத் திறந்த மேடாக விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மழைக்காலத்தில் அந்த மேட்டிலிருந்து மஞ்சள் தண்ணீர் வடியும். கழிவு உண்டான அன்றே இரும்பு சல்ஃபேட் போட்டு முடித்திருக்க வேண்டிய வேலை, பல பத்தாண்டுகள் கழித்து மண்ணையும் கிணற்றையும் சேர்த்துக் கழுவ வேண்டிய வேலையாகிவிட்டது.

நான் அதிகம் கவலைப்படுவது பெரிய ஆலைகளைப் பற்றி அல்ல. அவற்றைக் கேட்க ஒரு வாரியமாவது இருக்கிறது. அரசின் கணக்கில் ஏறுவது அங்கீகாரம் வாங்கியவர்களின் கழிவு மட்டுமே. தெருமுனை மெக்கானிக் ஷெட்டில் வடித்த கறுப்பு ஆயில், நகைப் பட்டறையில் தங்கத்தைச் சுத்தம் செய்த நைட்ரிக் அமிலம், பேட்டரியை உடைத்துக் காரீயம் உருக்கும் கொல்லைப்புறச் சூளை இவையெல்லாம் எந்தப் பட்டியலிலும் இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் ஒரு குடம், ஒரு வாளி. ஆனால் எல்லாம் போய்ச் சேருவது ஒரே மழைநீர் வாய்க்கால்தான். அவர்களைக் குற்றவாளிகளாக்கி மிரட்டிப் பயனில்லை என்பது என் அனுபவம். இரண்டு வாளி அமிலத்துக்காகக் கும்மிடிப்பூண்டிக்கு வண்டி வைக்க எந்தப் பட்டறைக்காரராலும் முடியாது. பேட்டைக்கு ஒரு சேகரிப்பு இடம், வாரம் ஒருமுறை வரும் அங்கீகாரம் பெற்ற வண்டி, அதற்கு அரசே ஏற்கும் செலவு. இதைச் செய்துவிட்டு, அதன்பிறகும் வாய்க்காலில் ஊற்றினால் அபராதம் போடட்டும்.

இனி உங்கள் மாடிப்படிக்கு வருகிறேன். பெயிண்ட் டப்பா, பூச்சிமருந்துப் புட்டி, டியூப்லைட், பேட்டரி, காலாவதியான மருந்து, பாதரச வெப்பமானி, பயன்படுத்திய ஊசி இவற்றை 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் 'வீட்டு அபாயகரமான கழிவு' என்றே பெயரிட்டுப் பட்டியலிட்டன. 20 சதுர கிலோமீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் இதற்கென்றே சேகரிப்பு மையம் வைக்க வேண்டியது உள்ளாட்சியின் பொறுப்பு என்றும் சொல்லின. 426 சதுர கிலோமீட்டர் கொண்ட சென்னை மாநகராட்சிக்கு இது 22 மையங்கள். உங்கள் வார்டில் அப்படி ஒரு மையம் எங்கே இருக்கிறது என்று அக்கம்பக்கத்தில் பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள். பச்சைத் தொட்டியும் நீலத் தொட்டியும் மக்களின் கைப்பழக்கத்துக்கு ஓரளவு வந்துவிட்டன; இந்த மூன்றாவது வகை வரவே இல்லை.

வராததால் என்ன நடக்கிறது என்றால், டியூப்லைட் குப்பை வண்டியின் அமுக்கியில் நொறுங்குகிறது. அதிலிருக்கும் பாதரசம் சில மில்லிகிராம்தான். உங்கள் வீட்டில் ஒன்று உடைந்ததால் பெரிய ஆபத்து என்று பயப்பட வேண்டாம். ஆனால் வண்டியின் பின்னால் நின்று வேலை செய்பவருக்கு அது ஒரு விளக்கு அல்ல. ஒவ்வொரு தெருவின் விளக்கும் அவர் முகத்துக்கு முன்னால்தான் உடைகிறது. எஞ்சியது கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்குக்கோ பெருங்குடிக் கிடங்குக்கோ போகிறது. பெருங்குடிக் கிடங்கு 2022 ஏப்ரலில் தீப்பிடித்துப் பல நாட்கள் புகைந்தது நினைவிருக்கலாம். இப்போது அந்தப் பழைய மேடுகளைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கிறார்கள். சலித்த மண்ணை வயலுக்கு உரமாகக் கொடுக்கலாமே என்று எல்லோரும் கேட்கிறார்கள். பழைய குப்பையின் மண்ணில் காரீயம், குரோமியம், துத்தநாகம் கூடுதலாக இருப்பது வழக்கம். சோதிக்காமல் கொடுக்க முடியாது. நாம் முப்பது ஆண்டுகளாக ஒவ்வொன்றாகப் போட்ட பேட்டரிகள்தான் அந்தச் சோதனை அறிக்கையில் எண்களாக வருகின்றன.

பையில் உள்ளவற்றை இப்படிச் செய்யுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரியைக் காயலான் கடையில் போடாதீர்கள், அவர் சில நூறு ரூபாய் கூடக் கொடுத்தாலும். அதன் அமிலம் சாக்கடைக்கும் காரீயம் கொல்லைப்புறச் சூளைக்கும் போகும், அந்தச் சூளையின் பக்கத்தில் குழந்தைகள் விளையாடும். 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பப் பெறுவது தயாரிப்பாளரின் பொறுப்பு. புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்து ரசீது கேளுங்கள். பெயிண்ட் மீதம் இருந்தால் கெட்டுப்போகும் முன் கதவுக்கோ கிராதிக்கோ அடித்து முடித்துவிடுங்கள், அல்லது பெயின்டரிடம் கொடுங்கள். தின்னரை மட்டும் எக்காரணம் கொண்டும் கழிவறையில் ஊற்றாதீர்கள். உடைந்த விளக்கின் துண்டுகளை ஜன்னலைத் திறந்து வைத்து, துடைப்பத்தால் பெருக்காமல், கெட்டி அட்டையால் வாரி, பொடியை ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுத்து, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்கள். பாதரச வெப்பமானி உடைந்தால் இன்னும் ஒரு எச்சரிக்கை: மோதிரம், வளையல், தாலிச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவிட்டே அருகில் போங்கள், தங்கத்தில் பாதரசம் பட்டால் ஒட்டிக்கொண்டு வெளுத்துவிடும். வீட்டிலும் கலப்பதுதான் ஆபத்து: கழிவறை கழுவும் ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் அது உயிரையும் வாங்கும்.

ஊசிகளைக் கடைசிக்கு வைத்தேன், உங்கள் பையில் எனக்கு அதிகம் பயம் தருவது அவைதான். ஒருமுறை குப்பை பிரிக்கும் கொட்டகையில், பணியாளரான அக்கா ஒருவர் கையுறையைக் கழற்றிக் காட்டினார். சுட்டுவிரல் நுனியிலும் உள்ளங்கையிலும் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள். "இது போன வாரம், இது பொங்கலுக்கு முன்னால்" என்று தேதிவாரியாகச் சொன்னார். யார் வீட்டு ஊசி, அவர்களுக்கு என்ன நோய் என்று அவருக்குத் தெரியாது. தெரியாததுதான் அவரைத் தூங்கவிடாமல் செய்தது. குத்திய ஊசியால் மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்ஐவியும் பரவக்கூடும் என்பது உறுதியான செய்தி. ஒரு குத்தில் எத்தனை வாய்ப்பு என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். அம்மாவின் ஊசிகளை மூடியைத் திரும்பப் பொருத்த முயலாமல், கனமான பிளாஸ்டிக் புட்டி ஒன்றில், எண்ணெய் கேனோ ஃபினாயில் புட்டியோ போதும், நேராக உள்ளே போடச் சொல்லுங்கள். முக்கால் பங்கு நிறைந்ததும் மூடியைத் திருகி டேப் சுற்றி, மேலே 'ஊசி' என்று பெரிதாக எழுதுங்கள். அம்மா வழக்கமாகப் போகும் மருத்துவமனையிலோ ஆய்வகத்திலோ கொடுத்துப் பாருங்கள்; அங்கே மருத்துவக் கழிவு வண்டி எப்படியும் வருகிறது, கேட்டால் பல இடங்களில் வாங்கிக்கொள்கிறார்கள். வாங்க மறுத்தால், விளக்குத் துண்டுகள் உள்ள டப்பாவையும் இதையும் தொட்டியில் போடாமல், காலையில் குப்பை எடுக்க வரும் பேட்டரி வாகனத்தில் இருப்பவரிடம் கையிலேயே கொடுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள். அவர் அதை மற்றக் குப்பையின் மேல் வீசாமல் ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் தனியாக வைப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.